ஜன்னலோர இருக்கையில் நீளும் நிமிடங்கள்

ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் எனக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. அண்மையில் சென்ற பகல் பயணம் ஒன்றில், வெறுமனே வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல், கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டுக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று மனத்துக்குப் படும் வரை தண்டவாளத்தை ஒட்டிய ஜல்லிக்கற்களையும், பிறகு அதேபோல் தொலைவில் தெரிந்த மலைத்தொடரையும் பார்த்தேன். கோடுகளாகக் கரைந்து ஓடிய கற்களைப் பார்த்தபோது, உண்மையான நிமிடம் முடியுமுன்பே அது முடிந்துவிட்டதாகத் தோன்றியது. மலையைப் பார்த்தபோது அந்த அவசரம் இல்லை.

ரயிலின் வேகம் ஒன்றுதான் என்றாலும், அருகில் இருப்பது கண்ணை விரைந்து கடக்கிறது, தொலைவில் இருப்பது ஊர்கிறது. ஒரே கால அளவுக்குத் திரையில் காட்டப்படும் உருவங்களில், அசையாமல் நிற்பதைவிட நகர்வதே அதிக நேரம் இருந்ததாகத் தோன்றுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வேகம் கூடினால் அந்த நீட்சியும் கூடுகிறது. கடந்த நேரத்தை, அதற்குள் கண் கண்ட மாற்றங்களைக் கொண்டே மூளை மதிப்பிடுகிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

ஆனால் விஷயம் அத்தோடு முடிவதில்லை. 2006இல் ஆலன் ஜான்ஸ்டன், டெரெக் ஆர்னால்ட், ஷின்யா நிஷிதா ஆகிய ஆய்வாளர்கள், பார்வைப் புலத்தின், அதாவது கண்ணை அசைக்காமலே காணக்கூடிய பரப்பின், ஒரு பக்கத்தில் மட்டும் வேகமான அசைவைச் சற்று நேரம் காட்டிப் பழக்கிவிட்டு, அதே இடத்தில் அடுத்து ஒரு அசைவைக் காட்டியபோது, அது உண்மையில் நீடித்ததைவிடக் குறைந்த நேரமே நீடித்ததாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. காலத்தை அளக்க மூளைக்குள் ஒரே ஒரு பொதுக் கடிகாரம் இருக்கிறது என்ற எண்ணத்தையே இது அசைத்துவிடுகிறது. பார்வைப் புலத்தின் ஒரு மூலையில் மட்டும் நேரம் சுருங்க முடியும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

எதிரே அமர்ந்து வெளியே பார்க்கும் பயணியின் கண்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: கருவிழி ஒரு கம்பத்தைத் தொடர்ந்து மெல்ல நகர்ந்து, சட்டென்று திரும்பத் தாவி, அடுத்த கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கண் தாவும் கணத்தின் மங்கலான காட்சியை நாம் உணர்வதே இல்லை. கடிகாரத்தின் நொடிமுள்ளை நோக்கிக் கண் தாவியதும் அது ஒரு கணம் நின்றதுபோல் தெரிவதை ஆராய்ந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, தாவல் முடிந்ததும் காணும் காட்சியையே மூளை தாவலின் தொடக்கம் வரை பின்னோக்கி நீட்டிக்கொள்கிறது என்று விளக்கியது. கடிகாரத்தை நோக்கிக் கண் தாவுவதே நேர உணர்வைக் குழப்பக்கூடும் என்பதால், ரயிலில் நான் செய்த சோதனையைச் செய்து பார்க்க விரும்புவோர், இடையிடையே கடிகாரத்தைப் பார்க்காமல், முடிந்தபின் மட்டும் அளவைப் பார்ப்பதே சரி.