கூறைச் சேலையின் சிவப்பு ஃபோனில் ஏன் வெளிறுது?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கலியாணப் படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு.

போட்டோஷொப்பில் கூறைச் சேலை நல்ல குங்குமச் சிவப்பு, ஃபோனுக்கு அனுப்பினால் வெளிறின செங்கல் நிறம். பெரும்பாலும் படம் அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிற வரம்பில் இருக்கும், புரொஃபைல் (படத்தின் நிற எண்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லுற குறிப்பு) இல்லாமல் சேவ் ஆகியிருக்கும். எடிட் மெனுவில் 'கன்வெர்ட் டு புரொஃபைல்' போய் ஃபோனுகளுக்குப் பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபியைத் தெரிவுசெய்யுங்கோ. பக்கத்தில் இருக்கிற 'அசைன் புரொஃபைல்' வேண்டவே வேண்டாம். அது நிற எண்களை அப்படியே விட்டு அர்த்தத்தை மட்டும் மாத்தும், நிறம் அந்த நொடியே கெடும். சேவ் பண்ணேக்க புரொஃபைலைப் படத்தோடயே சேர்க்கிற 'எம்பெட்' பெட்டியில் டிக் கட்டாயம். படத்தின் மேல்பட்டியில் 'ஆர்ஜிபி/8'க்குப் பக்கத்தில் # நின்றால் புரொஃபைலே இல்லை.

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி போட்டோஷொப்பில் மட்டும் மஞ்சளடிக்குதா? படத்தில் கை வைக்காதேங்கோ. உங்கட திரை நிறத்தை எப்படிக் காட்டுது என்று சொல்லுற மொனிட்டர் புரொஃபைல்தான் பழுதாகியிருக்கும். விண்டோஸில் 'கலர் மனேஜ்மென்ட்' திறந்து, உங்கட மொனிட்டருக்கு 'யூஸ் மை செட்டிங்ஸ்' டிக் போட்டு, எஸ்ஆர்ஜிபியைச் சேர்த்து டிபோல்ட் ஆக்குங்கோ. பிறகு போட்டோஷொப்பை மூடித் திறக்கோணும். இது அவசரத்துக்கு மட்டும்தான். அல்பம் பிரிண்டுக்குக் கொடுக்கிறவை கலிபிரேட்டர் என்ற கருவி வைத்துத் திரையின் நிறத்தை அளக்கத்தான் வேணும்.

முழுத் திரையுமே மஞ்சள் என்றால் முதலில் திரையை மஞ்சளாக்கிற விண்டோஸின் 'நைட் லைட்'டை நிப்பாட்டிப் பாருங்கோ.