இலை விரியும் அந்த ஆறு வாரங்கள்

2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, இடைவெளியின்றி 31 நாட்கள், அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தாண்டிக்கொண்டே இருந்தது. பல நாட்கள் இரவிலும் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த சகுவாரோ கள்ளிகள்கூட அந்தக் கோடையில் கிளை முறிந்து சாய்ந்தன. எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்போது ஏழு சைக்கட் செடிகள் இருந்தன; ஆறு பிழைத்துக்கொண்டன. போன ஒன்று வெயிலில் கருகவில்லை, நான் ஊற்றிய தண்ணீரில் அழுகிப் போயிற்று. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சைக்கட் என்றதும் நம்மில் பலருக்குப் பதினோராம் வகுப்புத் தாவரவியல் பாடத்தின் சைகஸ் படம் நினைவுக்கு வரும். நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மதனகாமப்பூ, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் சர்சினாலிஸ் என்ற இனத்தின் ஆண் கூம்பிலிருந்து கிடைப்பதுதான். இங்கே நர்சரிகளில் ‘சேகோ பனை’ என்று விற்கப்படும் சைகஸ் ரெவொலூட்டாவும் அதே பேரினம். பனைக்கும் அதற்கும் உறவில்லை. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு வெகு காலத்திற்கு முன்பே தோன்றி, இன்றும் கூம்பில் விதை வைக்கும் தொல்குடி இது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பாலைவனத்துக்கென்று பிறந்தவை மிகச் சிலவே.

பதினொரு ஆண்டுகளாக இவற்றை வளர்த்துவரும் அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. வளர்ந்த சைக்கட் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் இலை விடும். எல்லா இலைகளும் ஒரே சமயத்தில், ஒரு கிரீடம் போல எழும்பி, விரிந்து, கெட்டிப்படும். இப்படி இலை விரிந்து கெட்டிப்படும் அந்த ஆறு வாரங்களில் இலைக்கு ஏதாவது நேர்ந்தால், அதன் தழும்பை அடுத்த கொத்து வரும்வரை, சில சமயம் இரண்டு ஆண்டுகள்கூட, நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரோஜாவைப் போல வெட்டிவிட்டு மறுதளிர் எதிர்பார்க்க முடியாது.

சேகோவின் குருத்தை அருகில் குனிந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மென்மையானது என்பது தெரியும். அடித்தண்டின் நடுவில் பழுப்பு நிறச் செதில்கள் பிளந்துகொள்ள, மெல்லிய உரோமம் போர்த்திய இளம்பச்சைக் காம்புகள் நிமிர்ந்து மேலே வரும். ஒவ்வொரு சிற்றிலையும் பெரணிச் செடியின் குருத்தைப் போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். விரலால் தொட்டால் வெண்டைப் பிஞ்சைத் தொட்டது போல இருக்கும். பின்னாளில் கையைக் கிழிக்கும் முள்ளாகப் போகும் நுனி அப்போது நகம் பட்டாலே நசுங்கிவிடும். பீனிக்சில் என் செடிகள் குருத்து விடுவது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான். பருவமழைக்காலம் ஜூன் 15-இல் தொடங்குவதாகக் கணக்கு வைத்தாலும், மழை வந்து சேர ஜூலை ஆகிவிடும். காற்றில் ஈரம் துளியும் இல்லாத, ஆண்டிலேயே மிக வறண்ட அந்த வாரங்களில் செடி தன் பிஞ்சு இலைகளை வெளியே நீட்டுகிறது.

ஆகவே செதில்கள் பிளப்பதைக் கண்டவுடனேயே 50 சதவிகித நிழல்வலையைக் கட்டிவிடுகிறேன். குருத்தின் மேல் வலை உரசக்கூடாது; நான்கு கம்பு நட்டு, இலை எழும்பும் உயரத்துக்கு மேலே இழுத்துக் கட்ட வேண்டும். மேற்குப் பக்கத்தைத் தரைவரை மறைப்பது முக்கியம், ஏனென்றால் சுவரிலும் சரளைக் கல்லிலும் பட்டுத் தெறிக்கும் பிற்பகல் வெயில் கீழிருந்தும் இலையைச் சுடும். இலை கெட்டிப்பட்டு, வளைத்தால் திரும்ப நிமிரும் பக்குவம் வந்த பிறகு, ஒரு மாலைப் பொழுதில் வலையை எடுத்துவிடலாம். செடியை நடும்போதே இடத்தைப் பார்த்து நட்டால் வலைக்கே வேலை குறையும். மெஸ்கிட் மரத்தடியைப் போன்ற இடம் வேறில்லை. நம் ஊரில் எல்லோரும் வெட்டி எறியத் துடிக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. அதன் சின்னஞ்சிறு இலைகள் வடிகட்டித் தரும் நிழல் சைக்கட்டுக்கு அளந்து வைத்தது போல அமைந்துவிடுகிறது.

வெயில் படாமல் காத்தும் குருத்து மஞ்சளாகவே வந்து, நுனி பொரிந்து சுருண்டு போகிறதென்றால் மாங்கனீசு போதவில்லை என்று பொருள். இங்குள்ள மண்ணும் குழாய்த் தண்ணீரும் காரத்தன்மை உள்ளவை. மண்ணில் மாங்கனீசு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. எனக்கு இது புரிவதற்கு இரண்டு கொத்து இலைகள் பலியாயின. முதன்முறை நான் கேட்ட கடையில் எப்சம் உப்பைக் கொடுத்தார்கள். அது மக்னீசியம் சல்பேட். பெயரில் இருக்கும் ஒற்றுமையைத் தவிர மாங்கனீசுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை நானும் கவனிக்கத் தவறினேன். மக்னீசியக் குறைவு பழைய இலைகளில் தெரியும். மாங்கனீசுக் குறைவு புதிய இலைகளில் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பை மாறாது. இப்போது குளிர்காலக் கடைசியில் செடியைச் சுற்றி மாங்கனீசு சல்பேட்டும் சிறிது கந்தகமும் இட்டு நீர் விடுகிறேன். குருத்து எழும்பும்போது நீர்த்த கரைசலாக, பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை தெளிக்கிறேன். ஏற்கெனவே கெட்டுப்போன இலை இதனால் தேறாது. அதற்காக அதை வெட்டிவிடவும் வேண்டாம். பாதி பச்சையாக இருக்கும் இலையும் செடிக்குச் சோறு போடும்.

இனி அந்த அழுகிய செடிக்கு வருகிறேன். வாங்கிய தொட்டியிலேயே, நர்சரிக்காரர்கள் நிரப்பியிருந்த, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பீட் (மட்கிய சதுப்புநிலப் பாசி) கலவையிலேயே அதை விட்டுவைத்திருந்தேன். ஜூலை வெப்பத்தைப் பார்த்து மனம் கேளாமல் தினமும் மாலையில் தண்ணீர் ஊற்றினேன். இரவிலும் ஆறாத சூட்டில், நீர் தேங்கிய கலவைக்குள் வேர் வெந்தது போல் ஆகிவிட்டது. செடியைப் பிடுங்கியபோது அடித்தண்டின் கீழ்ப்பாகம் விரல் அமுங்கும் அளவுக்குக் குழைந்திருந்தது. தொட்டியின் மேல்மட்டத்தில் மட்டும் பவளம் போலக் கிளைத்த ‘பவள வேர்கள்’ சில உயிரோடு இருந்தன. ஒன்றைக் கத்தியால் குறுக்கே அரிந்து பார்த்தேன். உள்ளே நீலப்பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய வளையம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நீலப்பசும்பாசி அங்கேதான் குடியிருக்கிறது. செடி போன பின்னும் அது பச்சையாக இருந்ததைப் பார்க்கையில் மிகவும் வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு பாதிக்குமேல் பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த, எடை குறைந்த எரிமலைக் கல்) கலந்த கலவையைத்தான் பயன்படுத்துகிறேன். தரையில் நடுவதானால் குழி தோண்டி நீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அடியில் கலீச்சி இருக்கிறது. நம் பக்கத்துச் சுக்கான்பாறையைப் போன்றதுதான். கடப்பாரையால் அதை உடைத்து ஊடுருவ வேண்டும், முடியாவிட்டால் மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாக விடுவதைவிட, கோடையில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, வேருக்குக் கீழேயும் இறங்கும்படி நிறைய விடுவது நல்லது. இங்குள்ள நீரின் உப்பு அப்போதுதான் வேரைவிட்டுக் கீழே போகும்.

எந்த இனத்தை வாங்குவது என்பதில் என் கருத்து திடமானது. சேகோ தென் ஜப்பானின் ஈரக் கடலோரச் செடி. முழு வெயிலில் அதை நட்டு வதைப்பது நியாயமில்லை. இந்தச் சோனோரப் பாலைவனத்தின் தெற்கே, மெக்சிகோவின் சோனோரா மாநிலத்திலேயே டையூன் சோனோரென்ஸ் என்ற சைக்கட் வளர்கிறது. கிழக்கு மெக்சிகோவின் டையூன் எடூலேயும் உறுதியானது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்த, நீலம் பூத்த இலைகளுடைய என்செபலார்டஸ் ஹாரிடஸ் பிற்பகல் நிழல் கிடைத்தால் அழகாக வரும். ஆனால் என்செபலார்டஸ் இனங்கள் அனைத்தும் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் (CITES) முதல் பட்டியலில் இருப்பவை. காட்டிலிருந்து திருடப்பட்டு அழிவின் விளிம்பில் நிற்பவையும் உண்டு. விதையிலிருந்து வளர்த்த கன்று என்பதற்குச் சான்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் விதைகளை அதன் வாயில் படாமல் அப்புறப்படுத்துங்கள். சைக்கட் முழுவதுமே நஞ்சு, விதை கொடிய நஞ்சு.

இந்த ஆண்டு என் டையூன் எடூலே மே இரண்டாம் வாரத்தில் குருத்து விட்டது. பதினான்கு இலைகள். சென்ற சனிக்கிழமை மாலை வலையை அவிழ்த்தேன். ஒரே ஓர் இலையின் நுனி மட்டும் பழுத்திருந்தது. அந்தப் பக்கத்துச் சொட்டுநீர்க் குழாயின் வாயை உப்பு அடைத்திருந்ததைக் கண்டு மாற்றிவிட்டேன்.