ரஸ் நிக்கல்சனின் பூதங்களும் எங்கள் சி.ஆர். கொப்பியும்

இந்தப் பாடசாலை மலரில் அதிபர்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் கிரிக்கெட் மட்ச்சுகளைப் பற்றியும் நண்பர்கள் எழுதுவார்கள். எழுதத்தான் வேண்டும். நான் எழுத விரும்புவது, எங்கள் வகுப்பு வாங்குகளுக்குக் கீழே கைமாறிக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தின் பூதங்களைப் பற்றி. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்களோடு படித்தவர்களுக்குப் பச்சை முதுகுப் புத்தகம் என்றாலே விளங்கும்.

வகுப்பு நண்பன் ஒருவனுக்கு லண்டனில் இருந்த மாமா அனுப்பியது அது. பெயர் 'த வோர்லொக் ஒஃப் ஃபயர்டொப் மவுண்டன்'. ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் சேர்ந்து எழுத, 1982இல் பஃபின் வெளியிட்டது. மலைக்குள் ஓடும் ஆறு வரைக்கும் லிவிங்ஸ்டன் எழுதினார், ஆற்றுக்கு அப்பால் ஜாக்சன். கதை இலக்கமிட்ட 400 பந்திகளாகக் கலைந்து கிடக்கும். கதவை உடைப்பதென்றால் ஒரு இலக்கத்துக்குப் போக வேண்டும், சத்தமில்லாமல் விலகிப் போவதென்றால் இன்னொன்றுக்கு. கதாநாயகன் வாசிக்கிறவர்தான். பூதம் எதிர்ப்பட்டால் இரண்டு தாயக்கட்டை உருட்டி, வந்ததைத் திறன் புள்ளியோடு கூட்டி, பூதத்துக்கும் அப்படியே செய்து பார்க்க வேண்டும். குறைந்த தொகை எடுத்தவருக்கு உடல்வலுப் புள்ளியில் 2 போய்விடும். எங்களுக்குக் கட்டை கொடுத்தது யாரோ ஒருவருடைய வீட்டு லூடோப் பெட்டி. இடைவேளையில் ஒருவன் வாசித்துத் தமிழில் சொல்வான், ஒருவன் கணக்கு எழுதுவான், மற்றவர்கள் எந்தப் பக்கம் போவது என்று சண்டை பிடிப்பார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை படங்கள். அவற்றை வரைந்தவர் ரஸ் நிக்கல்சன். முழுப்பக்கப் படங்கள், எல்லாம் கறுப்பு மையில். அவருடைய பூதங்களின் இடுப்புப் பட்டியில் கொளுக்கி இருக்கும். தோல் சட்டையில் தையல் தெரியும். பல் ஒன்று உடைந்திருக்கும். பின்னால் நிற்கும் சுவரில் ஒவ்வொரு கல்லும் தனித்தனிக் கல். அந்தப் பூதத்துக்கு ஒரு வயது இருக்கிறது, நேற்று ஒரு நாள் இருந்தது, இன்று காலையில் ஏதோ சாப்பிட்டது என்று படத்தைப் பார்த்தாலே நம்பலாம். படத்துக்குக் கீழே அதற்குரிய பந்தியின் இலக்கம் இருக்கும். அதனால் பக்கங்களைத் தட்டிப் படங்களை முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு சட்டம். நேர்மையாகக் காப்பாற்றினோம் என்றே நினைக்கிறேன்.

கதையிலும் பூதங்களுக்கு ஒரு சீவியம் இருந்தது. காவலுக்கு இருத்திய ஒன்று வாசலிலேயே நித்திரை கொள்ளும். ஆற்றங்கரையில் எலும்புக்கூடுகள் வள்ளம் செய்துகொண்டிருக்கும். கடலோரத்தில் வளர்ந்த எங்களுக்கு வள்ளம் செய்கிறவர்களைத் தெரியும். அந்த எலும்புக்கூடுகள் உடனே அயலட்டை ஆகிவிட்டன. பிணம் தின்னும் பேய் ஒன்று நான்காம் தரம் காயப்படுத்தினால் உடல் மரத்துப்போகும், பிறகு தப்ப வழியில்லை. மூன்று காயம் பட்டபின் கட்டையை உருட்டுகிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நான் படங்களைச் சி.ஆர். கொப்பியில், அதாவது தடித்த மட்டை போட்ட கொப்பியில், பார்த்து வரையத் தொடங்கினேன். ஒரு நாள் சித்திர மாஸ்டர் கண்டுவிட்டார். அடி விழும் என்று வகுப்பே அடங்கிப்போயிற்று. அவர் புத்தகத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய், மேசை லாச்சியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் பிடித்தார். "இங்கை வா. இதிலை சாம்பல் நிறம் எங்கை இருக்குது, காட்டு பாப்பம்" என்றார். குனிந்து பார்த்தேன். சாம்பல் என்று நான் நினைத்த இடமெல்லாம் மெல்லிய கறுப்புக் கோடுகள். நிழல் கூடக்கூடக் கோடுகள் நெருங்கின. இன்னும் இருட்ட வேண்டிய இடத்தில் குறுக்காக வேறு கோடுகள் விழுந்திருந்தன. தோல் வருகிற இடத்தில் கோடு நின்று, புள்ளிகள் தொடங்கின. கன்னத்து எலும்பின் மேல் ஒன்றுமே இல்லை, வெறும் தாள். அந்த வெறுமைதான் தீப்பந்தத்தின் வெளிச்சம்.

அதுவரை நான் பென்சிலால் தேய்த்து, விரலால் பூசி நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பென்சிலை வாங்கி வைத்துவிட்டுப் பேனையைத் தந்தார். மைதானத்து வேப்பமரத்தின் அடிப்பகுதியை, கோடு மட்டும் போட்டு வரைந்து வா என்றார். மரப்பட்டை பூதத்தின் தோலைவிடக் கஷ்டம். வாரக்கணக்கில் வரைந்தேன். பிற்காலத்தில் கட்டட வரைபடம் கீறி உழைத்த கைக்கு அந்த வேப்பமரம்தான் முதல் பாடம்.

அப்புறம் வேறு புத்தகங்களும் வந்து சேர்ந்தன. 'சிட்டடெல் ஒஃப் கேயொஸ்' நிக்கல்சனுடையதுதான்; நான்கு கைகளோடு சில்லுப் போல உருண்டு வந்து கத்தி எறியும் ஜந்து அதில் உண்டு. 'டெத்ட்ராப் டன்ஜன்' இயன் மக்கேய்க் வரைந்தது. அதன் அட்டையில் குட்டைக்குள் கிடக்கும் இரத்தப் பிராணியின் முகமெல்லாம் கொப்புளம், கொப்புளம் வெடித்தால் பொய்க்கண். அதைக் கொல்லக்கூடிய ஒரே இடம் உண்மைக் கண்கள்தான். பொய்க்கண்கள் அவற்றை மறைக்கவே உண்டானவை. அந்தப் பிராணியின் வரலாறு முழுவதையும் மக்கேய்க் அதன் முகத்திலேயே எழுதிவிட்டார். பின்னாளில் 1999இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் டார்த் மோல் என்ற வில்லனின் தோற்றத்தை வடிவமைத்தவரும் அவரேதான் என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சமும் வியப்பில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரியது 'அவுட் ஒஃப் த பிட்'. 1985இல் மார்க் கஸ்கோய்ன் தொகுத்தது. அதில் கதையே இல்லை. 250 பூதங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் திறன், உடல்வலு, வாழுமிடம், எத்தனை சேர்ந்து திரியும், புத்தி எவ்வளவு, ஆளைக் கண்டால் என்ன செய்யும் என்று ஒரு அட்டவணை. விலங்கியல் பாடத்தைவிட ஆர்வமாக அதைப் படித்தோம். எல்லாப் பூதமும் கண்டவுடன் பாயாது. சில விலகிப் போகும், சிலவற்றோடு கதைக்கலாம். பயங்கரமான முகத்தை வரைந்துவிட்டு, பக்கத்திலேயே அது எப்படிச் சீவிக்கிறது என்று பொறுமையாகச் சொல்கிற அந்த அக்கறைக்காகவே இந்தப் புத்தகங்களை நான் இன்றும் மதிக்கிறேன். புத்தக விழாக்களில் புதிய பதிப்புகளைப் பார்க்கிறேன். பளபளப்பான வண்ணப் படங்கள் சிலவற்றில் உண்டு. என் மனதுக்குக் கறுப்பு மைதான்.

நிக்கல்சன் 2023இல் காலமானார். சித்திர மாஸ்டர் அவருக்கு முன்பே போய்விட்டார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. எனக்கு இருவரும் ஒரே பாடத்தின் ஆசிரியர்கள்.

ஒரு வேண்டுகோள். நாங்கள் வரைந்த சி.ஆர். கொப்பியில் வகுப்பில் பலருடைய படங்கள் இருந்தன. பூதங்களுக்குத் தமிழில் நாங்களே எழுதிய அட்டவணைகளும் இருந்தன. இடப்பெயர்வுக்கு முன் அது யாருடைய வீட்டில் இருந்தது என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளுக்குள் நீல மட்டையோடு ஒரு கொப்பி கிடந்தால், சங்கச் செயலாளருக்குத் தெரியப்படுத்துங்கள். படங்களை ஸ்கான் செய்து அடுத்த மலரில் போடலாம். செலவு என்னுடையது.