தடைக்காலத்தில் எல்லா டிஸ்க்கும் நல்ல பிள்ளைதான்

மண்டபம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். ஒரே பெட்டி, இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே மெஷினுக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) போட்டது, உள்ளே பில்லிங், ஃபைல் சர்வர் என்று ஐந்து விஎம், அதாவது மெய்நிகர் மெஷின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சும்மா இருந்த நேரத்தில் அதன் வேகத்தை அளந்து காட்டும் இஎஸ்எக்ஸ்டாப்பைத் திறந்து, 'டி' தட்டி, டிஸ்க் அடாப்டர் பக்கத்தைப் பார்த்தேன். டிஏவிஜி, அதாவது ஒரு கட்டளைக்கு கன்ட்ரோலரும் டிஸ்க்கும் எடுக்கும் சராசரி நேரம், 2 மில்லிசெகண்ட். பிரமாதம் என்று முதலாளியிடம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

படகுகள் போய்த் திரும்பிய முதல் காலையில், ஏழு மணிக்குள் கணக்குப்பிள்ளை அண்ணன் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். "தம்பி, இங்க ஐஸ் உருகுது, பில்லு சுத்திக்கிட்டே இருக்கு."

போய்ப் பார்த்தால் அதே டிஸ்க் அடாப்டர் (விஎம்ஹெச்பிஏ1), டிஏவிஜி 70-க்கு மேல் ஆடுகிறது. 25-ஐத் தாண்டி அங்கேயே நின்றாலே சந்தேகப்பட வேண்டும். ஆனால் கட்டளை ஹோஸ்டுக்குள், அதாவது இஎஸ்எக்ஸ்ஐக்குள், செலவிடும் நேரமான கேஏவிஜி 0.01தான். இந்த இரண்டையும் கூட்டினால் வரும் ஜிஏவிஜியைத்தான் விஎம் உணரும், அதனால் எது ஏறியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது: கேஏவிஜி 2-ஐத் தாண்டினால் ஹோஸ்டுக்குள்ளேயே வரிசை கட்டி நிற்கிறது, டிஏவிஜி ஏறினால் கோளாறு அதற்குக் கீழே, கன்ட்ரோலரிலோ டிஸ்க்கிலோ. 'எஃப்' தட்டி ரீட், ரைட் லேட்டன்சியை (தாமதத்தை) தனித்தனியாக வரவழைத்தேன். ரீட் 4. ரைட் 80.

ரைட் மட்டும் படுத்தால் எனக்கு முதலில் ரெய்டு கார்டின், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் கன்ட்ரோலரின், பேட்டரி மேல்தான் கை போகும். அதுவேதான், பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரி போனால் கார்டு ரைட்-பேக்கை விட்டுவிட்டு ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும், தன் கேஷ் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும். அந்த அறை ஏசியின் வெளிப்பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டது, உள்ளே ஒரே வெக்கை, பேட்டரி எப்படித் தாங்கும்? எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும், தடைக்காலத்தில் எழுதுவதற்கே ஒன்றும் இல்லையே.

பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயமாக ஆன் செய்யலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படிச் செய்தால் கரண்ட் போகும்போது கேஷில் இருப்பது டிஸ்க்கில் இறங்காமலே போய்விடும்; அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. புது பேட்டரி வந்து, முழுசாக சார்ஜ் ஏறும்வரை அன்றைக்கும் மெதுவாகத்தான் ஓடியது, அப்புறம் ரைட் 1-க்கு இறங்கியது.

இப்போது படகு வரும் காலைகளில் ஆறு மணிக்கு 'இஎஸ்எக்ஸ்டாப் -பி -டி 5 -என் 720' ஓடவிடுகிறேன், 5 செகண்டுக்கு ஒன்றாக ஒரு மணி நேரம். அந்த அளவுகள் சேரும் ஃபைலை டேட்டாஸ்டோரில் (விஎம்கள் இருக்கும் டிஸ்க் இடத்தில்) போடுங்கள், டெம்ப் ஃபோல்டர் நினைவகத்தில் இருக்கும் ராம் டிஸ்க், சீக்கிரம் நிரம்பிவிடும்.