கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ: கோளாறு பெட்ரோல் பிரஷரில்தான் இருந்தது

என் பழைய காரில் பெட்ரோல் வாடை ஒருவழியாக நின்றுவிட்டது. பெரிய நிம்மதி. ஆனால் நன்றாக இருந்த கார்பரேட்டரை (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிப் பணம் வாங்கினார்களே, அந்த ஆதங்கம் இன்னும் அடங்கவில்லை.

இன்ஜினோடு வந்த மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்ததால் எலெக்ட்ரிக் பம்ப் மாட்ட வேண்டியதாயிற்று. அது பெட்ரோலைத் தள்ளும் பிரஷர் எவ்வளவு என்று உதிரிபாகக் கடையில் கேட்டேன். "கார்பரேட்டர் வண்டிக்கு எது போட்டாலும் ஓடும்" என்றார்கள். அன்று பிடித்தது சனி. ஐடிலிங்கில் தடுமாற்றம், பிளக்கில் கரி, சூடான இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளப்புவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும் போலிருக்கும். மெக்கானிக் கார்பரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டின் உயரத்தைச் சரிசெய்தார், ஃப்ளோட் மேலேறும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வை மாற்றினார், கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டார். வாடை போகவே இல்லை. பிரஷரைப் பாருங்கள் என்றால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார்.

இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தபோதுதான் பகீரென்றது. ஆயிலில் பெட்ரோல் நெடி, அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. இப்படி நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

கார்பரேட்டருக்கு முன்னால் பெட்ரோல் ஹோஸில் 'T' வடிவ இணைப்பு வைத்து, 0–15 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டினேன். 100 வரை காட்டும் கேஜ் வாங்காதீர்கள், 3 பிஎஸ்ஐக்கு அதன் முள் அசைந்தது கூடத் தெரியாது. ஐடிலிங்கில் முள் 6-ஐத் தாண்டி நின்றது! வெபர், எஸ்யூ வகைக் கார்பரேட்டர்களுக்கு 3 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் போதும். அதற்கு ரொம்ப மேலே போனால் ஃப்ளோட் எவ்வளவு மிதந்தாலும் நீடிலை அதன் துளையில் (சீட்டில்) அழுத்திப் பிடிக்க முடியாது. பெட்ரோல் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். நீடிலை எத்தனை முறை மாற்றி என்ன பயன்?

அடுத்து, பிரஷரைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். எண் போட்ட திருகு உள்ள மலிவான ஒன்றைத்தான் முதலில் கொடுத்தார்கள். 3-ல் வைத்தால் கேஜ் 4-க்கு மேல் காட்டியது. திருகில் உள்ள எண்ணை நம்பவே நம்பாதீர்கள், கேஜைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கடைசியில் ரிட்டர்ன் லைன் உள்ள ரெகுலேட்டர் போட்டு, மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி விட்டேன். ஐடிலிங்கிலும் ரேஸ் கொடுத்தாலும் முள் 3-லேயே நிற்கிறது. பெட்ரோல் ஓடிக்கொண்டே இருப்பதால் சூட்டில் ஆவியாகி அடைப்பதும் குறைந்திருக்கிறது.

அதற்காகப் பிரஷரை ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள். ஐடிலிங்கில் எல்லாம் சரியாகத் தெரியும், மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஃப்ளோட் கிண்ணம் வற்றி வண்டி திணறும். ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேஜ் தெரியவேண்டும் என்று பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் இழுத்துவிடாதீர்கள், மகா ஆபத்து. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் கலந்த பெட்ரோல் அரித்துவிடும், அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, எலெக்ட்ரிக் பம்ப் போடுபவர்கள் ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் அதை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்தில் இன்ஜின் நின்றாலும் இக்னிஷன் ஆனில் இருந்தால் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். எனக்கு மாட்டிக்கொடுத்தவர்கள் இதைப்பற்றி மூச்சே விடவில்லை.

ஆயிலை மாற்றிவிட்டேன். பிளக்குகள் இப்போது வெளிர் பழுப்பாக இருக்கின்றன. சூட்டிலும் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது.