பன்னிரண்டாம் அத்தியாயம் இல்லாத பைண்டிங்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஒரே சமையல் புத்தகத்தை இரண்டு பேருக்கு விற்றுவிட்டேன். முகநூல் குழுவில் பார்த்த திருநெல்வேலி அக்கா ஒருவர் ஜிபேயில் பணம் போட்டுவிட்டு, "வந்துடுச்சா பாருங்கம்மா" என்று கேட்டிருந்தார். அடுத்த பத்தாவது நிமிடம் பெரிய இணையச் சந்தைத் தளம் ஒன்றில் பெங்களூரிலிருந்து ஆர்டர். என்னிடம் இருந்ததோ ஒரு பிரதி. முதலில் கேட்டவருக்கே புத்தகம் என்று பெங்களூர் ஆர்டரை ரத்து செய்தேன். காலையில் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. ரத்து விகிதம் கூடிவிட்டதாம், இன்னொரு முறை நடந்தால் கணக்கை நிறுத்திவைப்பார்களாம்.

புதுப் புத்தகம் விற்பவருக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். பழைய புத்தகத்தில் ஒவ்வொன்றும் ஒரே உருப்படி. இரண்டு பேர் வீட்டில் இருந்த ஒரே பதிப்புகூட ஒன்றுபோல இருக்காது. ஆறு வருடமாக விற்கிறேன், இதைப் புரிந்துகொண்ட தளம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

நான் கோவையில் கணக்கு டீச்சர். 2019-ல் அப்பா தவறியபோது நான்கு மர பீரோ நிறையப் புத்தகங்களை விட்டுப்போனார். பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்றான் தம்பி. கிலோ பன்னிரண்டு ரூபாய். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அப்பா நின்று நின்று பேரம் பேசி வாங்கியவை. தராசில் வைக்க மனசு வரவில்லை. படிக்கிறவர் கைக்கே போகட்டும் என்று ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கினேன். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் விற்பனையாளராகப் பதிவு செய்வதில் பெரிய சிரமம் இருக்கவில்லை.

சிரமம் அதற்கு அப்புறம்தான். பெரிய தளம் எடுத்தவுடனே ஐஎஸ்பிஎன் என்ற, புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்ணைக் கேட்கிறது. அந்த எண்முறை உலகத் தரமானதே 1970-ல்தான். தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் அதற்கு வெகுநாள் கழித்தே போட ஆரம்பித்தன. அப்பாவின் பீரோவில் பாதிக்கு மேல் எண் இல்லாதவை. எண் இல்லையென்றால் நாமே புதுப் பக்கம் உருவாக்கித் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். 'ழ'வுக்கு ஒருவர் ஓர் எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு. ஒரே புத்தகத்துக்கு மூன்று பக்கம், மூன்று விலை. தேடி வருகிறவர் கண்ணில் ஒன்றுதான் படும்.

விலை விஷயம் இன்னும் மோசம். மறுபதிப்பு வராத சித்த மருத்துவ நூல் ஒன்றை 450 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். ஒரே வாரத்தில் இன்னொருவர் அதையே 1,900-க்குப் போட்டார். படம் இல்லை, புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. பிறகு என் பிரதிக்கு ஆர்டர் வந்தது. வாங்கியவர் பெயர் ஒன்று, அனுப்பச் சொன்ன முகவரியில் இருந்த பெயர் வேறு. 1,900-க்குப் போட்டவர் கையில் புத்தகமே இல்லாமல் விற்றுவிட்டு, என்னிடம் வாங்கி நேரே அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். படிக்க வேண்டியவர் நான்கு மடங்கு கொடுத்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

2011-ல் அமேசானில் நடந்ததை வகுப்பில் சொல்வேன். ஈயின் வளர்ச்சியைப் பற்றிய உயிரியல் நூல் ஒன்றின் விலை சுமார் 2.37 கோடி டாலருக்கு ஏறியது. மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர் நாள்தோறும் கவனித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒரு விற்பனையாளரின் விலை தானாகவே எதிராளி விலையைப் போல 0.9983 மடங்காக மாறியது. எதிராளியின் விலையும் தானாகவே இவருடையதைப் போல 1.270589 மடங்காக மாறியது. இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 1.268 மடங்கு. பத்தாம் வகுப்புக்குப் பெருக்குத் தொடர்வரிசை நடத்த இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

தபால் செலவையும் சொல்ல வேண்டும், இந்தத் தொழிலின் உயிரே அதில்தான். ஐந்து கிலோ புத்தகத்தை 80 ரூபாயில் நாடு முழுக்க அனுப்ப முடிந்த பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றது. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. ஆனால் பத்திரிகைகளுக்கும் விளம்பரம் உள்ள வெளியீடுகளுக்கும் அது பொருந்தாது. அச்சகத்தார் பெயரோ பதிப்பாளர் பெயரோ இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அப்பாவின் பைண்டிங் எங்கேயும் அடங்காமல் நின்றது. எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நீலக் காலிகோ துணி ஒட்டிப் பைண்டு பண்ணியது. ஓரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டார்கள், சில வரிகளின் கடைசி எழுத்து இல்லை. அத்தியாயம் முடியும் பக்கங்களின் மறுபுறத்தில் பல்பொடி விளம்பரமும் பாதி நறுக்கிய துணுக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அப்பா பென்சிலில் தேதி போட்டிருக்கிறார்.

இதற்கு எண் இல்லை, பதிப்பாளர் இல்லை. தளம் தருகிற 'நன்று', 'மிக நன்று' என்ற தரங்களில் எதைப் போடுவது? முகநூல் குழுவில் எட்டுப் படங்களோடு எழுதினேன்: "12-ஆம் அத்தியாயம் கிடையாது. 27-ல் ஓவியத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. கடைசி நாற்பது பக்கத்தில் பூச்சித் துளை, எழுத்தைத் தொடவில்லை. 600 ரூபாய்."

ஒரு மணி நேரத்தில் காரைக்குடியிலிருந்து ஒரு தம்பியின் செய்தி. "அக்கா, எங்க ஆயா பைண்டு பண்ணி வச்சதுல 12 இருக்கு. 30, 31தான் இல்ல. உங்ககிட்ட இருக்கா?" இருந்தது. அந்த இரண்டு அத்தியாயங்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினேன். "இது போதுமே, எதுக்கு 600 ரூபாய்?" என்றும் கேட்டேன். பேப்பரில் வேண்டும் என்றார். ஸ்பீடு போஸ்டில்தான் அனுப்ப முடிந்தது. அந்தச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

சின்ன வயதில் அந்தக் கதையை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் 11-லிருந்து 13-க்குத் தாவித்தான். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி அவர் 12-ஆம் அத்தியாயத்தின் ஆறு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். நாயகியின் அண்ணன் ஏன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான் என்பது அதில்தான் இருக்கிறது.