தேக்கா சந்தையில் வராத சொல்

சென்ற வாரம் சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில், கறிவேப்பிலை என்ற சொல் நாவில் வராமல், கடைக்காரர்முன் விரலை நீட்டி நின்றேன். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருக்கும் எனக்கு அது அச்சமூட்டியது. அம்மாவும் இப்படித் தடுமாறியபோது நாங்கள் கவனிக்கவில்லையே என்று வருந்தினேன்.

இப்பருவத்தில் குறையும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸிலும் அதை உணரும் ஏற்பிகள் உள்ளன. பெண் எலிகளில் அந்த ஹார்மோன் ஏறி இறங்குவதற்கேற்ப, நரம்பணுக் கிளைகளில் செய்திகளை வாங்கும் நுண்முட்கள் நான்கைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே சுமார் 30 விழுக்காடு மாறுவதைக் கேத்தரின் வூலி, புரூஸ் மெக்யூவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டனர். வளர்ந்த மூளை இவ்வளவு விரைவில் உருமாறுவது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

ஆயினும், ஈஸ்ட்ரோஜனை மருந்தாக எடுத்தால் நினைவு காக்கப்படும் என்று சொல்லிவிட முடியாது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வில், முதுமை மறதிநோய்க்கான அபாயம் இரட்டிப்பானதாக 2003இல் தெரியவந்தது. என் வயது வேறு என்பதால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.